வெள்ளச்சியின் பின்னங்கால் மூட்டுக்கு ஊசி போடலாமா?

கேள்வி: டாக்டரம்மா, வணக்கம். நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். வெள்ளச்சி என்று ஒரு பெட்டைக் குதிரை வைத்திருக்கிறேன். அந்தியூர் சந்தையில் வாங்கி 9 வருடம் ஆகிறது. இப்போது வயது 14 இருக்கும். கல்யாண ஊர்வலம், கோயில் திருவிழா என்று கூட்டிப் போவேன். மேளம் கேட்டால் நன்றாக ஆடுவாள். போன தை மாதத்திலிருந்து காலையில் வலது பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறாள். கொஞ்ச தூரம் நடந்தால் தெளிந்துவிடுகிறது. மெடிக்கலில் டைக்ளோபினாக் ஊசி வாங்கிப் போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கிறாள், அப்புறம் பழையபடிதான். பற்றும் போட்டுப் பார்த்தேன், தோல் உரிந்ததுதான் மிச்சம். ரேஸ் குதிரைகளோடு வேலை பார்த்த ஒருவர், “மூட்டுக்குள் ஒரு ஊசி போட்டால் ஆறு மாதம் கவலையில்லை, நானே மருந்து கொண்டுவந்து கொட்டகையிலேயே போட்டுவிடுகிறேன்” என்கிறார். மாமாவோ சூடு போடச் சொல்கிறார். ஆனியில் 5 முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருக்கிறேன். ஊசி போடலாமா? ஒரு தடவை போட்டால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா? முடியாதென்றால் ஆடியில் அந்தியூரிலேயே கொடுத்துவிடலாமா?

பதில்:

தம்பி, வணக்கம். இன்றைக்கே அந்த ஊசிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

மூட்டு ஊசி நல்ல வைத்தியம். நானே போட்டிருக்கிறேன். காலை ஊன்ற யோசித்த குதிரை பத்து நாளில் சாதாரணமாக நடந்து வருவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஆனால் உங்கள் கொட்டகையில், படித்துப் பழகாத ஒருவர் கையால் அது வேண்டவே வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் பென்னாகரம் பக்கமிருந்து ஒரு இரவு எனக்குப் போன் வந்தது. குதிரை காலைக் கீழே வைக்கவில்லை என்றார்கள். விடிவதற்குள் போய்ப் பார்த்தேன். பின்னங்காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, குளம்பின் நுனி மட்டும் தரையில் படும்படி நின்றது. காதுக்குப் பின்னால் வியர்வை. முன்னால் போட்ட ராகித் தாள் போட்டபடியே கிடந்தது. மூட்டு உருண்டு வீங்கிச் சூடாக இருந்தது. விசாரித்தால், ஐந்து நாளைக்கு முன் யாரோ வந்து மூட்டுக்குள் ஊசி போட்டிருக்கிறார்கள். அதே மருந்துக் குப்பியிலிருந்து அதற்கு முன் வேறு இரண்டு குதிரைகளுக்கும் எடுத்திருக்கிறார்கள். முதல் மூன்று நாள் குதிரை அருமையாக நடந்ததாம், பணமும் கொடுத்து அனுப்பிவிட்டார்களாம்.

மூட்டைச் சுத்தம் செய்து ஊசியை உள்ளே விட்டேன். நல்ல மூட்டுத் திரவம் இளமஞ்சளாகத் தெளிவாக இருக்கும். விரலில் ஒரு சொட்டு வைத்துக் கட்டைவிரலால் தொட்டு இழுத்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நூல் நூலாக வரும். அன்றைக்கு வந்தது கலங்கிய நீர்மோர். லிட்டர் கணக்கில் சலைன் விட்டு மூட்டைக் கழுவினோம், ஆன்டிபயாடிக் கொடுத்தோம், பன்னிரண்டு நாள் போராடினோம். காப்பாற்ற முடியவில்லை.

மூட்டு என்பது மூடிய ஒரு சின்ன அறை. உள்ளே கிருமி புகுந்தால் உடம்பு அதை எளிதில் துரத்த முடியாது. அதிலும் ஸ்டீராய்டு மருந்து சேர்ந்திருந்தால் எதிர்ப்பு சக்தி அங்கே அடங்கிக் கிடக்கும், வலியும் வீக்கமும் சில நாள் வெளியே தெரியாது. அந்த மூன்று நாள் அருமையான நடை அப்படி வந்ததுதான். முதல் நாளே தெரிந்திருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

அதனால்தான் நாங்கள் ஊசி போடும் நேரத்தைவிடத் தோலைத் தேய்க்கும் நேரம் அதிகம். குதிரை கீழே விழாமல் அசையாமல் நிற்கிற அளவுக்கு மயக்க மருந்து கொடுத்து, சாணமும் தூசியும் இல்லாத இடத்தில் நிறுத்தி, குளோரெக்சிடின் போட்டு ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் திரும்பத் திரும்பத் தேய்ப்போம், ஸ்பிரிட் போட்டுத் துடைப்போம். ஸ்டெரைல் கையுறை, புது ஊசி, அன்றைக்கு உடைத்த புதுக் குப்பி. யாரோ பாதி பயன்படுத்தி ஃபிரிட்ஜில் வைத்த குப்பிக்கு அங்கே இடமே இல்லை. தோலில் புண்ணோ பற்றுப் போட்டு உரிந்த இடமோ இருந்தால் அன்றைக்கு ஊசியே கிடையாது. உங்கள் வெள்ளச்சிக்குத் தோல் உரிந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது முழுக்க ஆறும்வரை எந்த நல்ல டாக்டரும் அந்த மூட்டைத் தொட மாட்டார்.

சரி, அடுத்த விஷயம். ஊசி போடுவதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். எந்த மூட்டு? வலது பின்னங்கால் என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னங்காலில் குளம்புக்குள் ஒன்று, கணுவில் ஒன்று, நடுவில் பின்பக்கம் மடங்கித் துருத்திக்கொண்டிருக்கும் முட்டி, மேலே தொடையோடு சேரும் இடத்தில் இன்னொரு முட்டி, அதற்கும் மேலே இடுப்பு. நடுவில் இருக்கும் அந்தப் பின்முட்டி உண்மையில் நம் குதிகாலுக்குச் சமம். அது ஒரே மூட்டு மாதிரித் தெரிந்தாலும் உள்ளே அடுக்கடுக்காக நான்கு. மேல் மூட்டுதான் காலை மடக்கி நீட்டுகிறது. கீழ் இரண்டும் அதிகம் அசையாது, அதிர்ச்சியைத் தாங்குவதுதான் அவற்றின் வேலை. ஆடும் குதிரைகளுக்கும் வயதான சவாரிக் குதிரைகளுக்கும் தேய்வது பெரும்பாலும் இந்தக் கீழ் இரண்டுதான். காலையில் பிடித்துக்கொண்டு, நடக்க நடக்கத் தெளிவது அதற்குப் பொருந்துகிற அடையாளம். அதனால் என் சந்தேகமும் அங்கேதான் போகிறது. ஆனால் சந்தேகத்தை நம்பி ஊசி போடக்கூடாது.

இன்றைக்கே வீட்டில் நீங்கள் பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வலது பின்னங்கால் லாடத்தைத் தூக்கிப் பார்த்து, இடது கால் லாடத்தோடு ஒப்பிடுங்கள். முன்நுனி ஒரு காலில் மட்டும் தகடாகத் தேய்ந்திருந்தால் அவள் அந்தக் காலைச் சரியாகத் தூக்காமல் இழுத்து வைக்கிறாள் என்று அர்த்தம். அப்படியே குளம்பையும் பாருங்கள். லாடம் அடித்து எத்தனை வாரம் ஆயிற்று? ஆறு வாரத்துக்கு மேல் விட்டால் குளம்பு முன்னால் நீண்டு, ஒவ்வொரு அடியிலும் மூட்டுக்கு வேலை கூடும். ஆணி தவறி உள்சதையில் பட்டிருந்தாலும், குளம்புக்குள் சீழ் வைத்திருந்தாலும் நொண்டும். மூட்டு வலி என்று என்னிடம் வந்த குதிரைகளில் குளம்பிலேயே விடை கிடைத்தவை நிறைய.

இன்னொன்று. நடக்கும்போது கால் பின்னால் நீட்டியபடி மாட்டிக்கொண்டு, பிறகு வெடுக்கென்று விடுபடுகிறதா? மாடுகளில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். மேல் முட்டியின் சில்லு மாட்டிக்கொள்வதால் வருவது அது. அதற்கு வைத்தியமே வேறு.

காலையில் கொட்டகையை விட்டு வெளியே வரும் முதல் இருபது அடியைப் போனில் எடுங்கள். பின்னாலிருந்து ஒன்று, பக்கவாட்டிலிருந்து ஒன்று. சமமான கெட்டித் தரையில் ஒருவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு நடக்க வைத்தும், மெதுவாக ஓட வைத்தும் எடுக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அவள் வண்டியில் வந்த அசைவில் தெளிந்திருப்பாள், அந்த வீடியோதான் பேசும். அதோடு டைக்ளோபினாக்கை நிறுத்திவிட்டு, கடைசியாக என்றைக்குப் போட்டீர்கள் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். வலி மறைந்திருந்தால் எந்த இடம் என்று கண்டுபிடிக்க முடியாது.

டைக்ளோபினாக் பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். கால்நடைகளுக்கு அது 2006லிருந்து நம் நாட்டில் தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும் நிலையில் செத்த மாட்டையோ குதிரையையோ தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாக அழிந்தன. நம் மாநிலத்தில் மிஞ்சியிருப்பவை முக்கியமாக நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான். வெள்ளச்சிக்கும் அது நல்லதில்லை. வலி மருந்தை அளவு தெரியாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் குதிரைக்குக் குடலில் புண் வரும், சிறுநீரகம் கெடும். மெலாக்சிகாம் போன்ற பாதுகாப்பான மருந்து இருக்கிறது. எடைக்குத் தகுந்த அளவை டாக்டர் எழுதித் தருவார்.

டாக்டர் என்ன செய்வார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மூட்டை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்து உடனே ஓட விட்டுப் பார்ப்பார். பிறகு சந்தேகப்படும் மூட்டுக்குள்ளோ அதற்கான நரம்பைச் சுற்றியோ மரத்துப்போகும் மருந்து போட்டு மறுபடி ஓட விடுவார். நொண்டல் போய்விட்டால் வலி அங்கேதான். அப்புறம் எக்ஸ்ரே. இந்த மூன்றும் முடிந்தபின் போடும் ஊசிக்குத்தான் அர்த்தம் உண்டு.

உள்ளே போடும் மருந்துகள் பல வகை. அதிகம் பயன்படுவது ஸ்டீராய்டு, அதிலும் ட்ரையாம்சினோலோன். மூட்டுக்குள் இருக்கும் அழற்சியை அது அடக்கும், சில நாட்களில் வலி குறையும். அதோடு ஹயலூரானிக் அமிலம் என்ற வழவழப்புப் பொருளையும் சேர்த்துப் போடுவதுண்டு. மூட்டுத் திரவத்தில் இயற்கையாகவே இருக்கும் பொருள்தான் அது. மெத்தில்பிரெட்னிசலோன் என்று இன்னொரு ஸ்டீராய்டு இருக்கிறது. அது குருத்தெலும்பைக் கெடுக்கக் கூடியது, அதனால் நிறைய அசையும் மூட்டுகளுக்கு அதை நான் விரும்புவதில்லை. குதிரையின் சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து பிரித்த பகுதியைப் போடும் முறையும், ஒருவகை ஜெல் போடும் முறையும் பெரிய ஊர்களில் இருக்கின்றன. செலவு கூட. வெள்ளச்சிக்கு முதல் படியாக அவை தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

எத்தனை மாதம் நிற்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மூன்று மாதமும் நிற்கும், ஆறு மாதத்தைத் தாண்டியும் நிற்கும், சில குதிரைகளுக்கு மூன்று வாரத்தில் போய்விடும். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஊசியும் திரும்ப வளர்த்துத் தராது. ‘போட்டால் போட்டுக்கொண்டே இருக்க வேண்டுமா’ என்று கேட்டீர்கள். பழக்கமாகிவிடும் மருந்து இல்லை இது. போடாவிட்டால் முன்பிருந்த வலி திரும்ப வரும், அவ்வளவுதான். சில மாதங்களுக்குள்ளேயே மறுபடி தேவைப்பட்டால் உடனே அடுத்த ஊசிக்குப் போகக்கூடாது. இடம் தவறா, வேலை அதிகமா என்று முதலிலிருந்து பார்க்க வேண்டும். இதில் ஒரு ஆறுதலும் உண்டு. அந்தக் கீழ் மூட்டுகள் சில குதிரைகளில் காலப்போக்கில் எலும்போடு எலும்பு ஒட்டிக்கொள்ளும். முழுக்க ஒட்டிவிட்டால் வலியும் நின்றுவிடும், நடைக்கும் பெரிய குறை வராது. அதுவரை அவளை வலியில்லாமல் வைத்துக்கொள்வதே பாதி வைத்தியம்.

வெள்ளச்சி குண்டாக இருக்கிறாளா? கழுத்தின் மேல்பக்கம் கொழுப்புத் திரண்டு கெட்டியாக இருக்கிறதா? கல்யாணக் குதிரைகளைப் பளபளப்பாகக் காட்டக் கொள்ளும் தவிடும் அள்ளிப் போடுவது வழக்கம். அப்படிப்பட்ட குதிரைக்கு ஸ்டீராய்டு போட்டால் குளம்புக்குள் அழற்சி வரும் ஆபத்து உண்டு. முன்குளம்புகள் சூடாகி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்கும். மூட்டு வலியைவிடக் கொடியது அது. பெரிய குதிரைக்கே ட்ரையாம்சினோலோன் எல்லா மூட்டுக்கும் சேர்த்து 18 மில்லிகிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வோம். சின்னக் குதிரைக்கு அதிலும் குறைவு. முன்பு எப்போதாவது இந்தக் குளம்பு அழற்சி வந்திருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

இப்போது முகூர்த்தங்கள். எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும் இடம் இதுதான் தம்பி, ஏனென்றால் உங்கள் அடுப்பு எரிவதும் அவளால்தான். குதிரை சும்மா நிற்கும்போது உடம்பின் எடையில் சுமார் 60 சதவீதம் முன்னங்கால்களில் இருக்கும். மேளத்துக்கு ஆடும்போது முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்குகிறாள். அந்தப் பாரத்தில் ஒரு பகுதி பின்முட்டிகளுக்கு இறங்குகிறது, மேலே மாப்பிள்ளையும் அலங்காரச் சேணமும் வேறு. தார் ரோட்டில், இரவு பத்து மணிக்கு, ஒன்றரை மணி நேரம். அந்த மூட்டு தேய்ந்ததே அப்படித்தான் என்பது என் எண்ணம். ஊசி போட்டு வலி தெரியாமல் செய்துவிட்டு அதே ஆட்டத்துக்கு அனுப்பினால், வலி என்கிற காவலாளியையும் அனுப்பிவிட்டு மூட்டை உடைக்கிறோம். வெள்ளச்சி இனி ஆட வேண்டாம். ஊசி பலித்தாலும் வேண்டாம்.

அந்த 5 வீட்டாரிடமும் இப்போதே பேசுங்கள். வேறு குதிரை ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் கிடைக்கும். நொண்டும் விலங்கை வேலை வாங்குவது 1960ஆம் வருட விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனி மாதத்தில் பரிசோதனையை முடித்துத் தோலையும் ஆற்றிவிட்டால், ஊசி தேவை என்று டாக்டர் சொன்னாலும் ஆடிக்கு முன்னால் போட்டுவிடலாம். ஆடியில்தான் எப்படியும் கல்யாணம் கிடையாதே. ஊசி போட்டபின் இரண்டு மூன்று நாள் கொட்டகையிலேயே ஓய்வு, அப்புறம் கையில் பிடித்து நடத்துவது, மெல்ல மெல்லக் கூட்டுவது என்று அந்த மாதம் முழுக்க அவளுக்கே கிடைக்கும். ஆவணியில் அவள் நன்றாக நடந்தால், ஆட்டம் இல்லாமல், சின்னப் பிள்ளைகளை ஏற்றிக் கோயில் மண்தரையைச் சுற்றி வரும் லேசான வேலை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அந்தியூரில் விற்பதைப் பற்றி ஒரே வார்த்தை. ஊசி போட்டு நொண்டலை மறைத்துக் கொடுப்பது வாங்குபவரை ஏமாற்றுவது. நொண்டலோடு கொடுத்தால் அவள் யார் கைக்குப் போவாள் என்று உங்களுக்கே தெரியும். 9 வருடம் உங்களுக்கு உழைத்தவள்.

மாமாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், சூடு வேண்டாம். சுட்ட வலி பெரிதாகத் தெரியும்போது உள்வலி மறந்ததுபோல் இருக்கும், அவ்வளவுதான் அதன் பலன். மூட்டுக்குள் அது எதையும் சரிசெய்வதில்லை. அதோடு அந்தத் தழும்பு இருக்கும் இடத்தில் பிறகு ஊசி போடுவதும் சிரமம்.

எங்கே போவது? உங்கள் ஊர் கால்நடை மருந்தக டாக்டரை முதலில் பாருங்கள். அவசரமென்றால் 1962க்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும். ஓசூர் பக்கத்து மத்திகிரிக் கால்நடைப் பண்ணை 1824இல் பட்டாளத்துக் குதிரைகளுக்காகத் தொடங்கியது என்றாலும், இன்றைக்கு நம் பக்கத்து டாக்டர்களின் கைக்கு வருவதெல்லாம் பெரும்பாலும் மாடும் ஆடும்தான். அதனால் மூட்டு ஊசிக்கு அவரிடமே எழுதி வாங்கிக்கொண்டு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம், அல்லது குதிரைகளையே பார்க்கும் டாக்டர்கள் இருக்கும் பெங்களூருக்குப் போகலாம். மாநில எல்லை தாண்டுவதானால் உடல்நலச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். வண்டித் தரையில் வழுக்காதபடி வைக்கோலோ மணலோ கனமாகப் போட்டு, வழியில் ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள். அங்கே போனதும் எந்த மூட்டு, எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம், புதுக் குப்பிதானா என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார்.

அதுவரை அவளை நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிவைக்காதீர்கள். நின்றே இருந்தால் மூட்டு இன்னும் பிடிக்கும். குளம்பிலோ வேறெங்கோ புதுக் கோளாறு இல்லை என்று உங்கள் டாக்டர் பார்த்துச் சொன்னபின், காலை மாலை கால் மணி நேரம் மாந்தோப்பு மண்ணில் சும்மா நடத்துங்கள். கல் பாவிய தரையென்றால் மணலோ கடலைப்பொட்டோ போடுங்கள். குண்டாக இருந்தால் கொள்ளைக் குறைத்து ராகித் தாளையும் புல்லையும் கூட்டுங்கள். எடை குறைந்தாலே பாதி நொண்டல் குறைந்த குதிரைகளை எனக்குத் தெரியும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டு ஒரு வருடம் தாண்டியிருந்தால் டாக்டரிடம் அதையும் கேளுங்கள். குதிரைக்கு அந்த நோய் மாட்டைவிடச் சுலபமாக வரும்.

ஊசி போட்டுக்கொண்டு வந்தபின் இரண்டு வாரம் தினமும் இரண்டு வேளை அந்த மூட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். முதல் நாள் லேசாக வீங்கி வடிவதுண்டு. அதுவும் டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆனால் எந்த நாளானாலும் மூட்டு சூடாகி, அவள் காலை ஊன்ற மறுத்தாலோ தீனி எடுக்காவிட்டாலோ, நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இரவு இரண்டு மணியென்றாலும் ஊசி போட்ட டாக்டரை எழுப்புங்கள்.

அவள் சினையாக இருக்க வாய்ப்பு உண்டா என்று எழுதவில்லையே? ஆண்குதிரையோடு விட்டிருந்தால் எப்போது என்று குறித்துவைத்து டாக்டரிடம் சொல்லுங்கள், ஸ்டீராய்டு விஷயத்தில் அது முக்கியம். லாடத்தின் போட்டோவையும் அந்த இருபது அடி வீடியோவையும் எனக்கும் அனுப்பிவையுங்கள், பார்த்துவிட்டு எழுதுகிறேன்.